பாலைவனம் கடந்த அமானிதம்

‘அமானிதம்’ என்பது நம் வீடுகளில் அன்றாடம் புழங்கும் சொல். வெளியூர் புறப்படும் ஒருவர் தம் நகையையோ பணத்தையோ பக்கத்து வீட்டில் கொடுத்து, “இது அமானிதம், வந்து வாங்கிக் கொள்கிறேன்” என்று சொல்லிப் போவார். அவர் திரும்பி வராமலே போய்விட்டால், அவருடைய வாரிசுகளைத் தேடிக் கண்டுபிடித்து ஒப்படைப்பது வாங்கி வைத்தவரின் கடமை. நாயகம் (ஸல்) அவர்களுக்கு நபித்துவம் கிடைப்பதற்கு முன்பே மக்கத்து மக்கள் அவர்களை ‘அல்அமீன்’, அதாவது நம்பிக்கைக்குரியவர் என்று அழைத்தார்கள். வணிகத்தில் ஈடுபட்டிருந்த காலத்திலேயே அவர்களுக்குக் கிடைத்த பெயர் அது.

இந்த ஒரு பண்பை வைத்துக்கொண்டு ஒரு பெரிய நிலப்பரப்பின் வரலாற்றை இம்மாதம் பார்ப்போம். மேற்கு ஆப்பிரிக்காவில் ஐரோப்பியர் ஆட்சி அமைப்பதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே கானா, மாலி, ஸொங்காய் என்று மூன்று பேரரசுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தழைத்திருந்தன. ஆப்பிரிக்கா என்றால் காடும் விலங்கும்தான், வெள்ளையர் கால் வைத்த பிறகுதான் அங்கே வரலாறு தொடங்கியது என்று நம்மில் பலர் எண்ணிக் கொண்டிருக்கிறோம். அந்த எண்ணம் பிழையானது. அங்கே நகரங்கள் இருந்தன, காழிகள் இருந்தார்கள், கணக்கும் கடன் பத்திரமும் இருந்தன, நூலகங்கள் இருந்தன. இவை அனைத்தையும் தாங்கி நின்றது அமானிதம். அது காக்கப்பட்ட இடங்களையும், தவறிய இடங்களையும் ஒளிக்காமல் பார்ப்பதே இந்தப் பாடத்தின் நோக்கம்.

உப்பும் பொன்னும்

வடக்கே மொராக்கோ, அல்ஜீரியா; தெற்கே நைஜர், ஸெனகல் ஆறுகள் பாயும் நாடுகள்; இரண்டுக்கும் நடுவே ஸஹாராப் பாலைவனம். தெற்கே பொன் கிடைத்தது. உப்பு அரிதாக இருந்தது. பாலையின் நடுவிலோ உப்புப் பாளம் பாளமாக வெட்டி எடுக்கும் அளவுக்குக் கிடந்தது. உப்பில்லாமல் மனிதனும் வாழ முடியாது, கால்நடையும் வாழ முடியாது. வடக்கே இருந்த அரசுகளுக்கோ தீனார் அச்சடிக்கப் பொன் தேவைப்பட்டது. ஆகவே ஒட்டகங்கள் உப்பைச் சுமந்து தெற்கே போயின. பொன்னைச் சுமந்து வடக்கே வந்தன.

ஹிஜ்ரி 753, அதாவது 1352ஆம் ஆண்டில் இந்த வழியாகப் போனவர் உலகப் பயணி இப்னு பதூதா. நம் மதுரைக்கும் வந்து சுல்தானின் விருந்தினராகத் தங்கியவர். மாலத்தீவில் காழியாக இருந்தவர். அவர் மொராக்கோவின் ஸிஜில்மாஸா நகரிலிருந்து ஒரு வணிகக் கூட்டத்தோடு புறப்பட்டு, 25 நாள் நடந்து தகாஸா என்னும் உப்புச் சுரங்க ஊரை அடைந்தார். அங்கே வீடும் உப்புப் பாளம்தான்; பள்ளிவாசலும் உப்புப் பாளம்தான்; கூரை ஒட்டகத் தோல். மரம் ஒன்றுகூட இல்லை. பாலையைக் கடந்து வலாத்தா நகர் சேர மொத்தம் இரண்டு மாதம் ஆயிற்று.

அவர் குறித்து வைத்த விலையைக் கேளுங்கள். ஓர் ஒட்டகச் சுமை உப்பு வலாத்தாவில் 8 முதல் 10 மிஸ்கால் பொன்னுக்கு விற்றது. அதே சுமை மாலியின் தலைநகரில் 20 முதல் 30 மிஸ்கால். சில வேளை 40 மிஸ்கால். ஒரு மிஸ்கால் என்பது அரைப் பவுனுக்குச் சற்று அதிகம். நம் அடுப்பங்கரையில் சட்டியில் கிடக்கும் உப்பை அங்கே துண்டு துண்டாக வெட்டிப் பணமாகவே பயன்படுத்தினார்கள்.

இந்த வாணிபத்தில் இன்னொரு பணமும் உண்டு. அது நம் வீட்டுப் பெண்மக்கள் விளையாடும் சோழி. மாலத்தீவுக் கடலில் வாரி எடுக்கப்பட்ட சோழி, கடலும் பாலையும் கடந்து, பல கை மாறி நைஜர் ஆற்றங்கரைச் சந்தைக்கு வந்தது. மாலத்தீவில் ஒரு பொன் தீனாருக்கு 4 இலட்சம் சோழியும் அதற்கு மேலும் கிடைத்ததைக் கண்ட அதே இப்னு பதூதா, மாலியில் ஒரு தீனாருக்கு 1,150 சோழி மட்டுமே கிடைத்ததையும் கண்டார். இத்தனை தூரம், இத்தனை கைகள்! ஒருவரை ஒருவர் நம்பாமல் இது நடந்திருக்குமா?

மன்னரின் கருவூலம் யார் கையில்?

மூன்று பேரரசுகளில் மூத்தது கானா. இன்று கானா என்று பெயர் தாங்கும் நாடு வேறு. 1957இல் விடுதலை பெற்றபோது பழைய பெருமையை நினைத்து அந்தப் பெயரைச் சூட்டிக்கொண்டது. பழைய கானா இருந்த இடம் இன்றைய மௌரித்தானியாவின் தெற்கும் மாலியின் மேற்கும் ஆகும்.

ஸ்பெயின் நாட்டுக் குர்துபாவில் வாழ்ந்த அல்பக்ரீ என்ற அறிஞர், அங்கு போய்வந்த வணிகர்களிடம் கேட்டறிந்து 1068ஆம் ஆண்டில் கானாவைப் பற்றி எழுதி வைத்தார். கானாவின் தலைநகர் இரண்டு ஊர்களாக இருந்தது. ஒன்று முஸ்லிம்களின் ஊர்; அதில் 12 பள்ளிவாசல்கள், சம்பளம் பெறும் இமாம்கள், முஅத்தின்கள், மார்க்கச் சட்டம் அறிந்தவர்கள். ஆறு மைல் தள்ளி மன்னரின் ஊர். மன்னர் இஸ்லாத்தைத் தழுவியவர் அல்லர். தம் முன்னோர் வழியில் நின்றவர். அவருடைய குடிமக்கள் அவர் முன் விழுந்து தலையில் மண்ணை இட்டு வணங்குவார்கள். முஸ்லிம்களை அவர் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. அவர்கள் கைதட்டி மரியாதை தெரிவித்தால் போதும்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த மன்னரின் மொழிபெயர்ப்பாளர்கள் முஸ்லிம்கள். அமைச்சர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். கருவூலப் பொறுப்பாளரும் ஒரு முஸ்லிம். உள்ளே வரும் ஒவ்வொரு கழுதைச் சுமை உப்புக்கும் ஒரு தீனார், வெளியே போகும் சுமைக்கு இரண்டு தீனார் என்று மன்னர் வரி வாங்கினார். வேற்று மார்க்கத்தவர் ஒருவரிடம் தம் பொற்குவியலை ஒப்படைக்க ஒரு மன்னருக்கு எவ்வளவு நம்பிக்கை இருந்திருக்க வேண்டும்! ஒருநாள் பேச்சில் வந்ததல்ல அந்த நம்பிக்கை. கணக்கில் பிசகாத கையைப் பலகாலம் கண்ட பிறகே வந்திருக்க முடியும்.

இதற்கும் முன்னே, பத்தாம் நூற்றாண்டில், ஸிஜில்மாஸா வந்த இப்னு ஹவ்கல் என்ற பயணி தாம் கண்ட ஒரு கடன் பத்திரத்தைப் பற்றி வியந்து எழுதுகிறார். நாம் புரோநோட்டு என்கிறோமே, அது போன்றது. பாலையின் தென் விளிம்பில் உள்ள அவ்தகஸ்த் நகர வணிகர் ஒருவர், வடக்கே ஸிஜில்மாஸாவில் உள்ள ஒருவருக்குத் தர வேண்டியதாகச் சாட்சிகள் உறுதி செய்த தொகை 42,000 தீனார்! கடன் கொடுத்தால் எழுதி வையுங்கள், சாட்சி வையுங்கள் என்பது திருமறையின் கட்டளை. இரண்டு மாதப் பாலைவனம் நடுவே கிடக்க, ஒரு துண்டுக் காகிதத்தை நம்பி 42,000 தீனார் நின்றது என்றால், அந்தக் கட்டளை அவர்கள் வாழ்வில் எப்படி வேரூன்றியிருந்தது என்பது விளங்கும்.

வாளின்றி வந்த மார்க்கம்

மாலி நாட்டில் இஸ்லாம் நுழைந்த வரலாற்றையும் அல்பக்ரீ சொல்கிறார். ஒரு சமயம் மழை பொய்த்தது. ஆடுமாடுகளைப் பலியிட்டும் பயனில்லை. அப்போது மன்னரின் விருந்தினராக ஒரு முஸ்லிம் இருந்தார், குர்ஆன் ஓதுபவர், பேணுதல் மிக்கவர். மன்னர் தம் துயரத்தை அவரிடம் முறையிட்டார். அவர் மார்க்கத்தை எடுத்துரைத்து, மன்னரைக் குளித்துத் தூய்மை செய்யச் சொல்லி, வெள்ளி இரவில் தம்மோடு நின்று தொழச் செய்தார். அவர் துஆ கேட்க, மன்னர் ஆமீன் சொன்னார். பொழுது புலரும்போது மழை பொழிந்தது. மன்னரும் அவருடைய சந்ததியும் இஸ்லாத்தை ஏற்றார்கள். பொதுமக்கள் பெரும்பாலும் பழைய வழியிலேயே இருந்தார்கள். யாரையும் யாரும் கட்டாயப்படுத்தவில்லை.

அந்நாட்டு முஸ்லிம் வணிகர்களை வங்காரா என்றும் ஜூலா என்றும் அழைத்தார்கள். ஜூலா என்றால் அம்மக்களின் மொழியில் வணிகர் என்றே பொருள். ஊர் ஊராகப் போய், முஸ்லிமல்லாத மன்னர்களின் கீழ் குடியமர்ந்து, கோலாக் கொட்டையும் பொன்னும் துணியும் விற்று, கூடவே பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக்கொடுத்தவர்கள் அவர்கள். அவர்களிடையே அல்ஹாஜ் ஸாலிம் ஸுவாரி என்ற பெரியாரின் வழிமுறை நிலைபெற்றது. அதன் சாரம் இது: முஸ்லிமல்லாத ஆட்சியாளருக்கும் உண்மையாக இருங்கள், மார்க்கத்துக்காக வாளெடுக்காதீர்கள், உங்கள் கல்வியையும் வணக்கத்தையும் விடாமல் காத்துக் கொள்ளுங்கள், உங்கள் நடத்தையே பிறருக்கு எடுத்துக்காட்டாக இருக்கட்டும், யாருக்கு எப்போது நேர்வழி என்பதை அல்லாஹ்விடம் விட்டுவிடுங்கள். நம் கடற்கரை ஊர்களிலும் மார்க்கம் வணிகர்களோடு வந்தது என்பதை அறிந்த நமக்கு இது அந்நியமாகத் தோன்றாது.

மன்ஸா மூஸாவின் ஹஜ்

மாலி மன்னர்களில் பெயர் பெற்றவர் மன்ஸா மூஸா. ‘மன்ஸா’ என்றால் அரசர். ஹிஜ்ரி 724, அதாவது 1324இல் அவர் ஹஜ்ஜுக்குப் போகும் வழியில் கெய்ரோவில் தங்கினார். உலகிலேயே பெரும் செல்வர் அவர்தான் என்று இன்றும் பலர் எழுதுகிறார்கள். அந்தப் பேச்சைவிட, சில ஆண்டுகள் கழித்து அந்நகரத்தாரிடம் நேரில் விசாரித்து அல்உமரீ என்ற அறிஞர் எழுதி வைத்த செய்திகள் நமக்குப் பயனுள்ளவை.

கெய்ரோவின் சுல்தான் முன் தரையை முத்தமிடும்படி மூஸாவிடம் சொன்னார்கள். அவர் மறுத்தார். பிறகு, தம்மைப் படைத்த இறைவனுக்கே ஸஜ்தா செய்வதாகக் கூறிக்கொண்டு உள்ளே சென்றார். அவர் தாராளமாக வாரி வழங்கியதால் ஊரில் பொன் மலிந்தது. அதுவரை 25 திர்ஹத்துக்குக் குறையாதிருந்த மிஸ்கால் பொன் 22 திர்ஹத்துக்கும் கீழே இறங்கியது. 12 ஆண்டுகள் கழித்தும் அது மீளவில்லை. கொடை நல்லதுதான். அளவின்றி ஓரிடத்தில் கொட்டினால் கொடுத்தவருக்கும் பயனில்லை, ஊராருக்கும் பயனில்லை என்பதற்கு இது சான்று.

மூஸாவைப் பற்றி இன்னொரு செய்தி. தம் நாட்டு வழக்கப்படி, குடிமக்களின் அழகிய பெண்மக்களை நிகாஹ் இன்றி அவர் தம்மிடம் வைத்துக் கொள்வதுண்டு. சுதந்திரமான முஸ்லிம் பெண்களிடம் அது ஆகுமானதல்ல என்று கெய்ரோவில் ஒருவர் எடுத்துச் சொன்னார். அரசர்களுக்கும் அப்படித்தானா என்று கேட்டார் மூஸா. அரசர்களுக்கும் அப்படித்தான் என்று விடை வந்தது. தமக்கு இது தெரியாதிருந்தது என்றும், இனி அதை அடியோடு விட்டுவிடுவதாகவும் அவர் சொன்னார். தவறைச் சுட்டியவர்மேல் சினந்து பாயாமல் சட்டத்துக்குத் தலை வணங்கினாரே, அவருடைய பொன்னைவிட அது பெரிது.

ஆனால் கெய்ரோக் கடைக்காரர்கள் அவருடைய ஆட்களிடம் எப்படி நடந்து கொண்டார்கள்? ஒரு தீனார்கூடப் பெறாத சட்டையை ஐந்து தீனாருக்கு விற்றார்கள். வந்தவர்கள் சொன்ன விலையை நம்பி வாங்கினார்கள். ஹஜ்ஜை முடித்துத் திரும்பியபோது கையில் பணம் தீர்ந்து மன்னரே கடன் வாங்க நேர்ந்தது. 300 தீனார் கொடுத்த வணிகர்கள் அதன்மேல் 700 தீனார் இலாபம் பார்த்தார்கள். விளைவு என்ன? மாலி மக்களுக்கு அந்த நாட்டவர்மேல் இருந்த நல்லெண்ணம் அடியோடு போயிற்று. பிறகு அங்கிருந்து பெரிய ஆலிமே வந்தாலும் சந்தேகக் கண்ணோடு பார்த்தார்கள் என்று அல்உமரீ வருந்தி எழுதுகிறார். சட்டை விற்றவர் நாலு தீனார் சம்பாதித்தார். இழந்ததோ ஒரு நாட்டின் நற்பெயர்.

ஜும்ஆவில் எழுந்த முறையீடு

இப்னு பதூதா மாலிக்குப் போனபோது மூஸா காலமாகி அவருடைய சகோதரர் மன்ஸா ஸுலைமான் ஆண்டு கொண்டிருந்தார். இவர் கஞ்சர். விருந்தாளிக்கு மன்னர் வெகுமதி வருகிறது என்று ஆட்கள் ஓடி வந்து சொன்னதும், பட்டாடையும் பணமும் வரும் என்று இப்னு பதூதா எழுந்து நின்றார். வந்ததோ மூன்று ரொட்டி, ஒரு துண்டு பொரித்த மாட்டிறைச்சி, ஒரு சுரைக்குடுக்கைத் தயிர்! அவர் சிரித்தே விட்டார். அப்படிப்பட்ட மன்னரின் ஆட்சியில் அவர் கண்ட இரண்டு செய்திகளை நாம் மறக்கக் கூடாது.

ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆ பள்ளியில் கூட்டம் நிறைந்திருந்தது. அங்கெல்லாம் நேரத்தோடு வராவிட்டால் இடம் கிடைக்காது. முன்கூட்டியே பையனிடம் தொழுகை விரிப்பைக் கொடுத்தனுப்பி இடம் பிடிப்பார்கள். ஏழையும் தன்னிடமுள்ள ஒரே பழைய சட்டையைத் துவைத்து வெள்ளையாக உடுத்தி வருவான். அந்தக் கூட்டத்தில் அபூ ஹஃப்ஸ் என்ற வணிகர் எழுந்து நின்றார். மன்ஸா ஸுலைமான்மேல் ரஸூலுல்லாஹ் (ஸல்) அவர்களிடமே வழக்குரைப்பதாகச் சபையோரைச் சாட்சி வைத்து முழங்கினார். என்ன அநீதி என்று கேட்டார்கள். வலாத்தாவின் அதிகாரி தம்மிடம் 600 மிஸ்கால் பெறுமான சரக்கை எடுத்துக் கொண்டு 100 மிஸ்கால் மட்டும் தருவதாகச் சொல்கிறான் என்றார். மன்னர் அந்த அதிகாரியை வரவழைத்தார். சில நாட்களில் அவன் வந்து சேர்ந்ததும் இருவரையும் காழியிடம் அனுப்பினார். வணிகரின் உரிமை நிலைநாட்டப்பட்டது. அவருக்குச் சேர வேண்டியது சேர்ந்தது. அதிகாரியின் பதவி பறிபோனது.

இரண்டாவது செய்தி, நாம் தொடக்கத்தில் சொன்ன அமானிதம். வடநாட்டு வணிகர் ஒருவர் அங்கே மௌத்தாகி விட்டால், அவருடைய பொருள் குவியல் குவியலாக இருந்தாலும் யாரும் தொடுவதில்லை. அவருடைய நாட்டவரில் நம்பிக்கையான ஒருவர் கையில் அதை ஒப்படைத்து, உரிய வாரிசு வந்து பெறும்வரை காத்து வைப்பார்கள். பயணிக்கோ ஊராருக்கோ திருடர் பயம் இல்லை என்றும் அவர் எழுதுகிறார்.

இதற்கு ஒரு நிகழ்ச்சியையும் அவரே தருகிறார். மன்ஸா மூஸாவுக்குக் கடன் கொடுத்தவர்களில் அலெக்ஸாந்திரியாவைச் சேர்ந்த ஸிராஜுத்தீன் என்பவர் ஒருவர். கடனைக் கேட்டு அனுப்பிய ஆள் மாலியிலேயே தங்கிவிட்டதால், அவரே மகனை அழைத்துக் கொண்டு பாலையைக் கடந்து வந்தார். திம்புக்துவில் ஒருவர் வீட்டில் விருந்துண்ட இரவே அவர் மௌத்தானார். நஞ்சு வைத்து விட்டார்களோ என்று ஊரில் பேச்சு எழுந்தது. அதே உணவைத் தானும் உண்டதாகவும், நஞ்சு இருந்திருந்தால் தானும் இறந்திருப்பேன் என்றும் மகன் சொல்லி அந்தப் பழியை நீக்கினார். பிறகு மாலி சென்று தந்தையின் கடனைப் பெற்றுக்கொண்டு ஊர் திரும்பினார். இளைஞன், அந்நிய நாடு, தந்தை இல்லை, கடன்பட்டவரோ மன்னர்! இருந்தும் பணம் கைக்கு வந்தது. ஸிராஜுத்தீனின் கபுறை இப்னு பதூதா திம்புக்துவில் கண்டார்.

கேளாமல் கொடுத்த கிதாபுகள்

மாலி தளர்ந்த பின் ஸொங்காய் எழுந்தது. 1493இல் ஆட்சிக்கு வந்த அஸ்கியா முஹம்மது ஹஜ் செய்து திரும்பினார். திம்புக்து நகரம் கல்விக்குப் பேர்பெற்றது இக்காலத்தில்தான். பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கு போன ஹஸன் அல்வஸ்ஸான் என்ற பயணி, மற்ற எந்தச் சரக்கையும்விட நூல் வாணிபத்தில் இலாபம் அதிகம் என்று எழுதுகிறார். உப்பும் பொன்னும் வந்த ஒட்டகத்தில் காகிதமும் கிதாபுகளும் வந்தன.

அந்த ஊர் ஆலிம்களில் முஹம்மது பகயோகோ என்பவர் வணிகர் குலத்தில் வந்தவர், 1594இல் காலமானார். பொழுது விடிந்தது முதல் மாணவர்களுக்கு ஓதிக் கொடுப்பது அவர் வேலை. அவருடைய மாணவரும் பெரும் சட்ட அறிஞருமான அஹ்மது பாபா அவரைப் பற்றி எழுதியிருக்கிறார். அரிய கிதாபுகளை, எந்தக் கலையைச் சேர்ந்ததானாலும், கேட்டவருக்கெல்லாம் இரவல் கொடுப்பார்; திருப்பித் தா என்று கேட்கமாட்டார். முன்பின் அறியாத மாணவன் வாசலில் வந்து நூலின் பெயரைச் சீட்டில் எழுதி அனுப்பினாலும், யார் எவர் என்று விசாரிக்காமல் எடுத்துக் கொடுத்தனுப்புவார். இதனால் அவர் இழந்த நூல்கள் ஏராளம். கிதாபு என்பது ஓதுபவருக்கு உரிய அமானிதம், தம் கையில் சற்றுக் காலம் தங்கியிருக்கிறது, அவ்வளவுதான் என்று கருதியவர் போலும்!

1591இல் மொராக்கோவின் சுல்தான் அஹ்மது அல்மன்ஸூர் அனுப்பிய துப்பாக்கிப் படை பாலையைக் கடந்து வந்து, தொந்திபி என்ற இடத்தில் ஸொங்காய்ப் படையை முறியடித்தது. முஸ்லிம் சுல்தான், முஸ்லிம் நாட்டின்மேல், பொன்னுக்காகப் படையெடுத்தார். எதிர்த்துப் பேசுவார்கள் என்று அஞ்சி 1593இல் திம்புக்துவின் ஆலிம்களைக் கைது செய்து மராக்கிஷ் நகருக்குக் கொண்டு போனார்கள். அஹ்மது பாபாவும் அவர்களில் ஒருவர். வழியில் ஒட்டகத்திலிருந்து விழுந்து அவர் கால் முறிந்தது. சுல்தான் முன் நிறுத்தப்பட்டபோது சுல்தான் திரைக்குப் பின்னால் இருந்தே பேசினார். இறைவன் மட்டுமே திரைக்கு அப்பாலிருந்து பேசுபவன் என்று நினைவூட்டி, திரையை விலக்கச் செய்தார் அஹ்மது பாபா. பிறகு தம்மிடமிருந்து 1,600 கிதாபுகள் பறிக்கப்பட்டதைச் சொல்லி, தம் உறவினரிடையே தம்முடையதே சிறிய நூலகம் என்றும் சொன்னார். தம் ஊருக்குத் திரும்ப அவருக்கு 1608இல்தான் வழி பிறந்தது.

தவறிய இடம்

இதுவரை பெருமைகளைச் சொன்னோம். இனி மனம் கசக்கும் பகுதி. இதை மறைத்துவிட்டால் பாடம் அரைகுறையாகி விடும்.

தகாஸாவில் உப்பு வெட்டியவர்கள் யார்? அடிமைகள். மரமில்லாத, பயிரில்லாத அந்த ஊரில், வெளியிலிருந்து வரும் பேரீச்சம்பழத்தையும் தானியத்தையும் நம்பி உயிர் வாழ்ந்தார்கள். மாலியின் நீதியைப் புகழ்ந்த இப்னு பதூதா ஊர் திரும்பிய வணிகக் கூட்டத்தில் 600 அடிமைப் பெண்கள் இருந்தார்கள். பாலையை அவர்கள் எப்படிக் கடந்தார்கள் என்று அவர் எழுதவில்லை. இறந்த வணிகரின் பொருளைத் தொடாமல் காத்த சமுதாயம்தான், உயிரோடிருந்த பெண்மக்களைச் சரக்காக ஓட்டிச் சென்றது.

1615இல் பாலைவனத்துத் துவாத் ஊரார், தெற்கேயிருந்து கொண்டு வரப்படும் அடிமைகளைப் பற்றி அஹ்மது பாபாவிடம் பத்வா கேட்டார்கள். கறுப்பு நிறத்தவர் எல்லாம் அடிமையாகவே பிறந்தவர்கள் என்ற பேச்சு அப்போது பரவியிருந்தது. அவர் அதை மறுத்தார். நிறத்தாலோ குலத்தாலோ யாரும் அடிமையில்லை. நபி நூஹ் (அலை) அவர்களின் மகன் ஹாமின் வழிவந்தவர்கள் சாபத்தால் அடிமையானார்கள் என்ற கதைக்கு இங்கே இடமில்லை. இஸ்லாத்தைத் தாமாக ஏற்ற நாடுகளின் மக்களைப் பிடிப்பதும் விற்பதும் வாங்குவதும் ஹராம் என்று எழுதி, அந்நாடுகளின் பெயர்களையும் தந்தார். கைதாகிப் பாலையைக் கடந்து சென்ற ஒருவர் எழுதிய பத்வா அது. அடிமை முறையை அவர் முழுதுமாக மறுக்கவில்லை என்பதையும் நாம் சொல்லியாக வேண்டும். அவர் அடைத்த வாசலையும் பேராசை கொண்ட வணிகர்கள் மதிக்கவில்லை.

இதன் முடிவை ஒரு மனிதரின் வரலாற்றில் காணலாம். ஸெனகல் பகுதியில் பூந்து என்ற முஸ்லிம் நாட்டில் அய்யூப் இப்னு ஸுலைமான் என்பவர் வாழ்ந்தார், இமாமின் மகன், ஹாபிழ். 1731ஆம் ஆண்டு தந்தை அவரைக் காம்பியா ஆற்றில் நின்ற ஆங்கிலக் கப்பலுக்கு அனுப்பினார். இரண்டு அடிமைகளை விற்றுக் காகிதமும் பிற பொருளும் வாங்கி வர வேண்டும். கப்பல் தலைவனோடு விலை படியவில்லை. அய்யூப் ஆற்றைக் கடந்து அவ்விருவரையும் வேறொருவரிடம் மாடுகளுக்கு விற்றார். திரும்பும் வழியில் எதிரிகள் அவரைப் பிடித்து, தலையை மழித்து, அதே கப்பலுக்கு விற்றுவிட்டார்கள்! அமெரிக்காவின் மேரிலாண்டில் புகையிலைத் தோட்டத்தில் அவர் அடிமையானார்.

அங்கிருந்து அவர் தந்தைக்கு அரபியில் எழுதிய கடிதம் இங்கிலாந்தில் சிலர் கைக்குப் போனது. அவர்கள் பணம் திரட்டி அவரை விடுவித்தார்கள். இங்கிலாந்தில் இருந்தபோது எந்த ஏட்டையும் பார்க்காமல் குர்ஆன் முழுவதையும் மூன்று பிரதிகள் எழுதினார். 1734இல் ஆப்பிரிக்கா திரும்பினார். கடிதம் எழுதத் தெரிந்ததால் அவர் மீண்டார். அவர் விற்ற அந்த இருவர் மீண்டதாகச் செய்தி இல்லை; அவர்கள் பெயர்கூட நமக்குத் தெரியாது. அட்லாண்டிக் கடல் வழியாக ஐரோப்பியக் கப்பல்களில் ஏற்றப்பட்ட ஆப்பிரிக்கர்கள் ஏறத்தாழ 1 கோடியே 25 இலட்சம் பேர் என்று ஆய்வாளர் கணக்கிடுகிறார்கள். அந்தப் பெருங்குற்றம் கப்பல்காரர்களுடையது. ஆனால் கப்பல் வரை கொண்டு வந்து கொடுத்த கைகளில் குர்ஆன் ஓதிய கைகளும் இருந்தன.

நாம் கற்க வேண்டியது

அந்த அரசுகள் இன்று இல்லை. தகாஸாவில் மணல்தான் மிச்சம். ஆனால் திம்புக்துவின் கிதாபுகள் பிழைத்தன. குடும்பங்கள் அவற்றைப் பெட்டிகளில் வைத்துத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்தன. 2012இல் மார்க்கத்தின் பெயரைச் சொல்லி ஆயுதக் குழுக்கள் ஊரைப் பிடித்து, பெரியார்களின் கபுறுகளை இடித்தபோது, ஊர் மக்கள் ஏடுகளைத் தகரப் பெட்டிகளில் அடைத்து, இரவோடிரவாக வண்டியிலும் படகிலும் ஏற்றித் தலைநகர் பமாக்கோவுக்கு அனுப்பினார்கள். 2013 சனவரியில் அக்குழுவினர் வெளியேறும்போது அஹ்மது பாபா பெயரில் அமைந்த நிலையத்தில் சுமார் 4,000 ஏடுகள் எரிந்தும் காணாமலும் போயின. மற்றவை தப்பின. பகயோகோ கேளாமல் கொடுத்த ஊரில், மக்கள் கேளாமலே காத்தார்கள்.

இந்த வரலாற்றில் மூன்று அமானிதங்களைக் கண்டோம். முதலாவது பொருள். அதில் அந்த மக்கள் நமக்கு வழிகாட்டிகள். இரண்டாவது கல்வி. அதிலும் அவர்கள் வழிகாட்டிகள். மூன்றாவது மனிதர். அங்கே அவர்கள் தவறினார்கள். முதல் இரண்டையும் பேணிய ஒருவர் மூன்றாவதில் தவற முடியும் என்பதுதான் நாம் அஞ்ச வேண்டிய செய்தி. ஐந்து வேளை தொழுதும், கணக்கில் ஒரு காசு பிசகாமலும் இருந்தபடியே, கைக்குக் கீழே உள்ள மனிதரை மறந்துவிட முடியும்.

ஆகவே இந்த மாதம் நம் வீட்டுக்குள்ளேயே ஒரு கணக்குப் பார்ப்போம். பெட்டியில் பிறருடைய நகை, பணம், பத்திரம் ஏதும் இருக்கிறதா? இருந்தால் அதை எழுதி வைத்து, வீட்டில் ஒருவருக்காவது தெரியச் செய்வோம். நாம் மௌத்தானால் உரியவர் கைக்கு அது போய்ச் சேர வேண்டும். அலமாரியில் இரவல் வாங்கிய கிதாபு இருக்கிறதா? திருப்பிக் கொடுப்போம். நம்மிடம் உள்ள நல்ல கிதாபைக் கேட்கும் பிள்ளைக்கு மறுக்காமல் கொடுப்போம். கடைசியாக, நம் அடுப்படியில், நம் கடையில், நம் பட்டறையில் வேலை செய்பவரைப் பார்ப்போம். அவருக்குரிய கூலி முழுதாகவும் நேரத்தோடும் போகிறதா? அந்த வயதில் நம் பிள்ளை பள்ளிக்கூடத்தில் இருக்க, ஊரார் பிள்ளை நம் பாத்திரத்தைத் தேய்த்துக் கொண்டிருக்கிறதா? அந்தக் கணக்கு எந்த ஏட்டிலும் எழுதப்படவில்லை என்று நாம் நினைக்கலாம். அது எழுதப்படுகிற ஏடு வேறு.

மூன்று அமானிதங்களையும் ஒன்றுபோல் பேணும் மக்களாக நம்மை அல்லாஹ் ஆக்கி அருள்வானாக! ஆமீன்.